மிதக்கும் கல், எடை குறைந்த வட்டு: ஆன்டிகிராவிட்டியை விஞ்ஞானிகள் ஏன் ஏற்கவில்லை?

பாம்பனிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கும் கேள்வி, சுருக்கமாக: "சார், பொட்கிளெட்னோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி, சுழலும் வட்டுக்கு மேலே தொங்கவிட்ட பொருளின் எடையைக் குறைத்துக் காட்டினார் என்கிறார்கள். நாசா, போயிங் எல்லாம் பணம் போட்டதாம். அப்புறம் மூடி மறைத்துவிட்டார்களாம். நம்ம ராமேஸ்வரத்து மிதக்கும் கல்லையும் அதே வீடியோவில் காட்டுகிறார்கள். விஞ்ஞானிகள் ஏன் இதையெல்லாம் நம்ப மறுக்கிறார்கள்? தியரி இல்லாததாலா?"

தம்பி, "நம்ப மறுக்கிறார்கள்" என்ற இடத்திலேயே நான் உங்களோடு மாறுபடுகிறேன். இந்த விஷயத்தில் அதிகம் உழைத்தவர்கள் சந்தேகப்பட்டவர்கள்தான். காசு செலவழித்து, வருடக்கணக்கில் உட்கார்ந்து, வட்டு செய்து, குளிரவைத்து, சுழற்றி, எடை போட்டுப் பார்த்தார்கள். வீடியோக்களில் இந்தப் பாதிக் கதை வருவதே இல்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கல்லை முடித்துவிடுவோம். ராமேஸ்வரம் பஞ்சமுக அனுமார் கோயிலில் தண்ணீர்த் தொட்டியில் கல் மிதப்பதை நீங்கள் சின்ன வயதிலிருந்தே பார்த்திருப்பீர்கள். அதைச் சேதுவோடு சேர்த்துக் கும்பிடுகிறவர்களின் பக்தியைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை, அது அவர்களுடையது. ஆனால் "புவியீர்ப்பை மீறிய கல்" என்று ஒருவர் சொல்லும்போது பேச்சு எடைக்கு வந்துவிடுகிறது. எடையைப் போட்டுப் பார்க்க நம்மால் முடியும்.

ஒரு வாளியில் பாதி தண்ணீர் ஊற்றி, மளிகைக் கடையில் இருப்பது போன்ற மின்னணுத் தராசில் வையுங்கள். காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மிதக்கும் கல்லைத் தனியாக, உலர்ந்த நிலையில் எடை போடுங்கள். 300 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது கல்லை மெதுவாக வாளித் தண்ணீரில் விடுங்கள். கல் மிதக்கும், தராசின் எண் சரியாக 300 கிராம் கூடும். அதே 300 கிராம் உள்ள கருங்கல்லைப் போட்டால் அது அடியில் போய் உட்காரும், அப்போதும் தராசு 300 கிராம்தான் கூட்டிக் காட்டும். மிதக்கிற கல்லைப் பூமி ஒரு துளிகூடக் குறைவாக இழுக்கவில்லை. தான் விலக்கிய தண்ணீர் தாங்குவதால் அது மேலே நிற்கிறது, அவ்வளவுதான். மண்டபம் பக்கம் பள்ளியில் நான் இயற்பியல் நடத்திய காலத்தில் பிள்ளைகளை இதைச் செய்ய வைப்பேன். கல் கிடைக்காவிட்டால் ஒரு மரக்கட்டையே போதும். எண் மாறாமல் நிற்பதைப் பார்த்ததும் வகுப்பில் ஒரு நிமிடம் பேச்சே இருக்காது.

அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்பது தனி சுவாரசியம். எரிமலைக் குழம்பு நுரைத்து இறுகினால் உண்டாகும் நுரைக்கல்லுக்கு உள்ளே முழுக்கக் காற்றறைகள். நம் கரையில் எரிமலை கிடையாது, ஆனால் கடலுக்கு எல்லை ஏது? 1883-ல் கிரகடோவா வெடித்தபோது கடலில் விழுந்த நுரைக்கற்கள் பெரிய பெரிய திட்டுகளாக இந்தியப் பெருங்கடலையே கடந்து ஆப்பிரிக்கக் கரை வரைக்கும் போயிருக்கின்றன. நம் பக்கத்து முருகைக்கல்லிலும், அதாவது பவளக்கல்லிலும், துளைகள் நிறைய. நன்றாகக் காய்ந்து உள்ளே காற்று அடைபட்ட துண்டுகள் சில மிதக்கும், ஊறினால் மூழ்கும். ஒரு விஷயம்: சோதனைக்கு என்று மன்னார் வளைகுடாத் தீவுகளில் போய்ப் பவளக்கல் எடுத்துவிடாதீர்கள். அது வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

சரி, இனி பொட்கிளெட்னோவ். இவர் விஷயம் கல் மாதிரி ஒரு வாளித் தண்ணீரில் முடியாது.

யூஜின் பொட்கிளெட்னோவ் பொருளறிவியல் படித்தவர். 1990-களின் தொடக்கத்தில் பின்லாந்தின் தாம்பரே தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சூப்பர்கண்டக்டர்கள், அதாவது மீக்கடத்திகள், மேல் வேலை செய்துகொண்டிருந்தார். போதுமான அளவு குளிர வைத்தால் மின்சாரத்துக்குத் தடையே காட்டாத பொருள்கள் இவை. இட்ரியம், பேரியம், தாமிரம், ஆக்சிஜன் நான்கும் சேர்ந்த பீங்கான் வகைப் பொருளில் அவர் வட்டுகள் செய்தார். 1992-ல் நியமினென் என்பவரோடு சேர்ந்து ஓர் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டார். 145 மில்லிமீட்டர் விட்டம், 6 மில்லிமீட்டர் தடிமன் உள்ள வட்டு. அதை நன்றாகக் குளிரவைத்து, மின்காந்தச் சுருள்களுக்கு மேல் அந்தரத்தில் நிற்க வைத்து, அதற்கு மேலே 5.48 கிராம் எடையுள்ள சிலிக்கான் டை ஆக்சைடு துண்டைத் தராசில் தொங்கவிட்டார்கள். வட்டு சுழலாதபோது துண்டின் எடை 0.05 சதவீதம் குறைந்தது, சுழலும்போது 0.3 சதவீதம் வரை குறைந்தது என்பது அவர்கள் சொன்னது. கட்டுரைத் தலைப்பிலேயே "சாத்தியம்" என்றுதான் போட்டிருந்தார்கள். அந்த அடக்கத்தை நான் மதிக்கிறேன்.

அடுத்து 275 மில்லிமீட்டர் அகலமுள்ள பெரிய வளைய வட்டு, நிமிடத்துக்கு 5000 சுற்று. வட்டின் வேகத்தைக் குறைக்கும் தருணத்தில் எடை சுமார் 2 சதவீதம் வரை குறைந்தது என்று எழுதிய கட்டுரை ஒரு பிரிட்டிஷ் இயற்பியல் இதழில் ஏற்கப்பட்டும் விட்டது. அது அச்சாகும் முன்பே, 1996 செப்டம்பர் முதல் தேதி, லண்டன் சண்டே டெலிகிராப் பத்திரிகை "ஆன்டிகிராவிட்டி", அதாவது எதிர் ஈர்ப்பு, என்று செய்தி போட்டது. அதன் பிறகு எல்லாம் சரிந்தது. இணை ஆசிரியராகப் பெயர் போடப்பட்டவர் தனக்கும் அந்த வேலைக்கும் சம்பந்தமில்லை என்றார். பல்கலைக்கழகம் ஒதுங்கிக்கொண்டது. பொட்கிளெட்னோவ் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஒரு சோதனை சக ஆய்வாளர்கள் கையில் அமைதியாகப் புரட்டிப் பார்க்கப்படும் முன்பே தலைப்புச் செய்தியானது அவருக்கு நேர்ந்த கெடுதல் என்றே நினைக்கிறேன். மூடி மறைத்த கதை பிறந்ததும் அந்த ஒரு மாதத்தில்தான்.

அவர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை. கேள்வி வேறு: தராசு காட்டிய மாற்றத்துக்கு ஈர்ப்பைத் தவிர வேறு காரணம் இருக்க முடியுமா?

இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் போடுவோம், ஏனென்றால் முழு விவாதமும் இந்தச் சின்ன எண்களில்தான் இருக்கிறது. 5.48 கிராமில் 0.3 சதவீதம் என்பது சுமார் 16 மில்லிகிராம், ஏறக்குறைய ஓர் அரிசி மணியின் எடை. 0.05 சதவீதம் என்றால் 2.7 மில்லிகிராம். இப்போது காற்றைப் பாருங்கள். தண்ணீர் கல்லைத் தாங்குவது போலவே காற்றும் எல்லாவற்றையும் கொஞ்சம் தாங்குகிறது. 5.48 கிராம் சிலிக்கா அடைக்கும் இடம் இரண்டேகால், இரண்டரை கன சென்டிமீட்டர். சாதாரண அறைக் காற்று ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.2 மில்லிகிராம். ஆக, அந்தத் துண்டை எந்நேரமும் காற்று தாங்கிக்கொண்டிருக்கும் அளவு சுமார் 2.7 மில்லிகிராம். அதாவது எடையில் 0.05 சதவீதம்! வட்டோ கடும் குளிரில் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள காற்று குளிர்ந்தால் அடர்த்தி கூடும். கெல்வின் கணக்கில் பாதி வெப்பநிலைக்கு, அதாவது சுமார் மைனஸ் 120 டிகிரிக்கு, குளிர்ந்த காற்று இரண்டு மடங்கு அடர்த்தியாகி இரண்டு மடங்கு தாங்கும், தராசு இன்னொரு 0.05 சதவீதம் குறைத்துக் காட்டும்.

அவர் கண்டது இதைத்தான் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. காற்றோட்டத்தை மறைத்தேன், பல பொருள்களை மாற்றி வைத்துப் பார்த்தேன் என்று அவரும் சொல்கிறார். நான் சொல்ல வருவது, அவர் தேடிய மாற்றமும் வெறும் காற்று செய்யக்கூடிய மாற்றமும் ஒரே அளவில் இருந்தன என்பது. அந்த நிலையில் காற்று, ஈரம், காந்தப்புலம், அதிர்வு, தராசுக் கம்பியின் வெப்ப விரிவு ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணோடு விலக்கிக் காட்ட வேண்டிய பொறுப்பு சோதனை செய்தவருக்கு வந்துவிடுகிறது.

குளிர்ந்த பொருளை எடை போடுவது எவ்வளவு தொல்லை என்று நம் கரைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பாம்பன் பக்கம் ஏலக்கூடத்தில் ஐஸ் போட்ட மீன்பெட்டியை கிராம் கணக்குக் காட்டும் தராசில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பாருங்கள். ஈரக்காற்று பெட்டியின் வெளிப்பக்கத்தில் வியர்த்துப் படியும், எண் ஏறும். அந்தத் துளிகள் திரண்டு தராசுக்கு வெளியே சொட்டும், எண் இறங்கும். கச்சான் காற்று வீசுகிற நாளாக இருந்தால் கடைசி இலக்கம் ஓர் இடத்தில் நிற்கவே நிற்காது. பெட்டிக்குக் குறுக்கே ஒரு தார்ப்பாயைப் பிடித்தால் ஆட்டம் பாதியாகக் குறையும். மீன் எடை மாறவில்லை என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் அலட்டிக்கொள்வதில்லை. ஐஸ் இருக்கும் இடத்தில் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனோ, அதைவிடக் குளிர்ந்த திரவ ஹீலியமோ இருந்து, கொதித்து ஆவியாகிக்கொண்டே இருந்து, பக்கத்திலேயே ஆயிரக்கணக்கான சுற்றில் ஒரு வட்டும் சுழன்றால் மில்லிகிராம் தராசு என்ன பாடுபடும்!

இப்போது சந்தேகப்பட்டவர்கள் செய்த வேலைக்கு வருவோம். அமெரிக்காவின் அலபாமா மாநிலம் ஹன்ட்ஸ்வில்லில் நாசாவின் மார்ஷல் மையம் இருக்கிறது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் நிங் லி என்ற இயற்பியலாளர், மீக்கடத்தியும் ஈர்ப்பும் ஒன்றோடொன்று பிணையலாம் என்று பொட்கிளெட்னோவுக்கு முன்பிருந்தே கோட்பாடு எழுதி வந்தார். அதாவது நம்பிக்கையோடு தொடங்கிய குழு அது. அவர்கள் சுழலாத வட்டுக்கு மேல் தராசு வைக்காமல், ஈர்ப்பையே நேரடியாக அளக்கும் கிராவிமீட்டர் வைத்தார்கள். 1997-ல், பொட்கிளெட்னோவின் 1992 கட்டுரை வந்த அதே ஆய்விதழில் முடிவு வந்தது: மாற்றம் ஏதேனும் இருந்தால் அது பத்துக் கோடியில் 2 பங்குக்கும் குறைவு. பொட்கிளெட்னோவ் சுழலாத வட்டுக்குச் சொன்னது பத்தாயிரத்தில் 5 பங்கு. இரண்டுக்கும் இடையே 25,000 மடங்கு தூரம். அவர்கள் வட்டை அந்தரத்தில் நிற்க வைத்தது நிலையான காந்தப்புலத்தில் என்ற வித்தியாசம் உண்டு, அதையும் கட்டுரையிலேயே எழுதியிருந்தார்கள்.

அதோடு நாசா நிறுத்தவில்லை. பெரிய வட்டு செய்ய ஒரு தனியார் நிறுவனத்துக்குச் சுமார் 6 லட்சம் டாலர் கொடுத்தது. இந்தப் பீங்கானைச் சின்னதாகச் செய்வது கல்லூரி ஆய்வகத்திலேயே முடியும். பொடியை அழுத்தி, 900 டிகிரிக்கு மேல் சுட்டு, ஆக்சிஜன் ஓட்டத்தில் மெல்ல ஆறவிட வேண்டும். முப்பது சென்டிமீட்டர் அளவில் செய்யப் போனால் விரிசல் விடும். விரிசல் விட்ட பீங்கானை வேகமாகச் சுழற்றுவதும் ஆபத்து. வேலை இழுத்துக்கொண்டே போனது.

கடைசியில் உருப்படியான மறுசோதனை கனடாவிலிருந்து வந்தது. டொரன்டோவில் ஜார்ஜ் ஹாத்தவே குழு, வட்டு, சுருள்கள், உயர் அதிர்வெண் புலம் எல்லாவற்றையும் அமைத்து, பொட்கிளெட்னோவிடம் இருந்ததைவிட 50 மடங்கு நுட்பமான எடைக் கருவியோடு சோதித்து, 2003-ல் வெளியிட்டது. எதுவும் தெரியவில்லை. ஹாத்தவே இப்படிப்பட்ட விசித்திரக் கூற்றுகளைச் சோதிப்பதையே ஆர்வமாக வைத்திருந்தவர். கதவை அடைக்கிற ஆள் அவர் இல்லை.

ஆதரவாளர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: "அவர்கள் 5000 சுற்றை எட்டவில்லை, வட்டின் இரண்டடுக்கு அமைப்பும் அதே பக்குவத்தில் இல்லை." முதல் பாதி உண்மை, ஹாத்தவே குழுவின் வட்டு அந்த வேகத்தை எட்டவில்லை. ஆனால் 1992 கட்டுரைப்படி சுழலாத வட்டுக்கே விளைவு உண்டு, கம்மி வேகத்திலும் உண்டு. அது தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. இரண்டாவது பாதியைக் கேட்கும்போது எனக்கு வருத்தம்தான் வருகிறது. வட்டின் பக்குவம்தான் எல்லாம் என்றால் அந்தப் பக்குவத்தை முழுசாக எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், அல்லது ஒரு வட்டையாவது இன்னொரு ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும். வேறு யார் கையிலும் வேலை செய்யாத வட்டை வைத்துக்கொண்டு பிறரால் என்ன செய்ய முடியும்?

உங்கள் கடைசிக் கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: தியரி இல்லாததால் ஒதுக்கினார்களா? அப்படி இல்லை என்பதற்குச் சாட்சி அந்த வட்டிலேயே இருக்கிறது. பீங்கான் வகைப் பொருள் ஓரளவு உயர்ந்த வெப்பநிலையில் மீக்கடத்தியாகும் என்று 1986-ல் பெட்நார்ஸ், முல்லர் இருவரும் சொன்னபோது அதை விளக்க எந்தக் கோட்பாடும் இல்லை. அதுவரை இருந்த கோட்பாட்டின்படி அது நடக்கவே கூடாது என்று நினைத்தவர்கள் நிறையப் பேர். 1987 தொடக்கத்தில் பால் சூ, வு இருவரின் குழுக்கள் இதே இட்ரியம் பீங்கானைக் கண்டுபிடித்தன. சில மாதங்களுக்குள் இந்திய ஆய்வகங்கள் உட்பட உலகம் முழுக்கச் செய்து பார்த்தார்கள், எல்லோருக்கும் வேலை செய்தது. அந்த வருடமே பெட்நார்ஸுக்கும் முல்லருக்கும் நோபல் பரிசு. முழுமையான விளக்கம் இன்றுவரை முடிவாகவில்லை. விளக்கம் இல்லாமலே ஏற்றுக்கொண்டார்கள், ஏனென்றால் யார் செய்தாலும் வந்தது. பொட்கிளெட்னோவின் விளைவு அதே பொருளில் பிறந்தும் ஏற்கப்படாததற்குக் காரணம் வேறு யார் செய்தும் வராததுதான்.

ஈர்ப்பு விஷயத்திலேயே இன்னொரு சாட்சி உண்டு, அதுவும் நம் வாசலில். இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் சுமார் 30 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் புவியீர்ப்பு உண்மையிலேயே குறைவாக இருக்கிறது. பூமிக்கு ஒரு வழவழப்பான நீள்கோள வடிவத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், அங்கே கடல்மட்டம் அதைவிட 106 மீட்டர் கீழே நிற்கிறது. உலகிலேயே மிக ஆழமான ஈர்ப்புப் பள்ளம் அது. அதன் சரிவில்தான் நம் ராமநாதபுரம் கரை இருக்கிறது. சரிசெய்யாத ஜிபிஎஸ் உயரத்தைக் காட்டும் ஒரு செயலியைப் போனில் வைத்துக்கொண்டு தனுஷ்கோடி மணலில் நின்று பாருங்கள். கடல் உங்கள் காலடியில் இருக்கும், திரையில் உயரம் மைனஸ் 90 மீட்டரை ஒட்டி வரும். போனில் கோளாறு இல்லை, நம் கடல் அவ்வளவு தாழ்ந்து நிற்கிறது. வழக்கமான செயலிகள் ஓர் ஈர்ப்பு மாதிரியை வைத்து அதைச் சரிக்கட்டிவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை.

இதை 1948-ல் வெனிங் மைனெஸ் என்ற டச்சு அறிஞர் கப்பல் அளவீடுகளில் கண்டார். எடை மாற்றம் என்று பார்த்தால் லட்சத்தில் ஒரு சில பங்கு, அதாவது பொட்கிளெட்னோவ் சொன்னதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. இருந்தும் யாரும் அதை மறைக்கவில்லை, கேலி பேசவில்லை. பின்னால் வந்த கப்பல்களும் அதையே அளந்தன, செயற்கைக்கோள்களும் அளந்தன, கருவி கூர்மையாகக் கூர்மையாகப் பள்ளத்தின் உருவம் இன்னும் தெளிவானது. ஏன் அப்படி இருக்கிறது என்பதற்குத்தான் பல பத்தாண்டுகளாக வாதம். 2023-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் தேபஞ்சன் பால், அத்ரேயி கோஷ் இருவரும், ஆப்பிரிக்காவின் அடியிலிருந்து எழுந்த சூடான பாறைக் குழம்பும், மூழ்கிப்போன பழைய டெத்திஸ் கடலடித் தட்டும் சேர்ந்து இதை உண்டாக்கியிருக்கலாம் என்று கணினி மாதிரிகளால் காட்டினார்கள். விவாதம் இன்னும் தொடர்கிறது. உண்மையான விளைவு நல்ல கருவியைக் கண்டால் பலப்படும். பொட்கிளெட்னோவின் விளைவு நல்ல கருவியைக் கண்டதும் காணாமல் போனது. நான் ஒரு கூற்றை எடைபோட முதலில் பார்ப்பது இதைத்தான்.

"இப்படிப்பட்ட கூற்றுகளுக்குப் பெரிய இதழ்கள் இடம் தருவதில்லை" என்று சிலர் சொல்வதும் சரியில்லை. 1989 டிசம்பரில் ஜப்பானின் ஹயசாக்கா, தக்கேயுச்சி இருவரும், ஒரு திசையில் சுழலும் பம்பரக் கருவியின் எடை குறைகிறது, எதிர்த்திசையில் சுழற்றினால் குறைவதில்லை என்று எழுதியதை இயற்பியலின் மிக உயர்ந்த இதழ்களில் ஒன்றே வெளியிட்டது. குறைந்த எடை சுமார் பத்து மில்லிகிராம். சில மாதங்களுக்குள் அமெரிக்காவில் ஃபாலர் குழுவும், பாரிஸ் பக்கத்து சர்வதேச எடை அளவு நிலையத்தில் குவின், பிக்கார்ட் இருவரும் செய்து பார்த்து இல்லை என்றார்கள். கிலோகிராமுக்கே தாயகமான நிலையம் எடை போட்டு இல்லை என்றால் அதற்கு மேல் என்ன வேண்டும்? கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே வந்த கூற்று சோதனையில் நிற்கவில்லை.

போயிங் விஷயம் இரண்டு வரி. 2002-ல் ஒரு ராணுவ வார இதழ், போயிங் இந்த வட்டில் ஆர்வம் காட்டுவதாக ஓர் உள்ளறிக்கையை வைத்து எழுதியது; தாங்கள் இதற்குப் பணம் போடவில்லை என்று போயிங் சொன்னது. போட்டிருந்தாலும் அது ஆதாரமாகாது. நிறைய நிறுவனங்கள் நூற்றில் ஒரு வாய்ப்புக்குக்கூடக் கொஞ்சம் பணம் ஒதுக்கும்.

நிங் லி "மர்மமாகக் காணாமல் போனார்" என்று பரப்புவது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. பல்கலைக்கழகத்தை விட்டுத் தனியாக நிறுவனம் தொடங்கினார், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் நிதி கொஞ்சம் பெற்றார், பிற்காலத்தில் உடல்நலம் குன்றி 2021-ல் இறந்தார். ஒரு மனுஷியின் கடைசிக் காலத்தைச் சதிக்கதையாக்கிப் பார்வை சேர்ப்பது நியாயமில்லை.

பொட்கிளெட்னோவ் பேட்டிகளில் சொன்ன ஒன்றைப் பற்றியும் யோசியுங்கள். வட்டுக்கு மேலே எடை குறைவது ஒரு தூண் மாதிரி நேராக மேலே போகிறது, மேல் மாடியிலும் குறையாமல் இருக்கிறது என்றார். அப்படியானால் ஒரு பெரிய சக்கரத்தைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் ஒரு பக்கம் மட்டும் வட்டுக்கு மேலே வருமாறு வைப்போம். அந்தப் பக்கம் எப்போதும் இலேசு, மறுபக்கம் எப்போதும் கனம். சக்கரம் தானாகச் சுழன்றுகொண்டே இருக்கும், வேகமும் கூடிக்கொண்டே போகும். அந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது? வட்டைச் சுழற்றும் மின்சாரத்திலிருந்து என்றால், மேலே கனமான பொருள் வரும்போது வட்டு அதற்கேற்ப இழுபட வேண்டும், மோட்டார் திணற வேண்டும். மில்லிகிராம் தராசைவிட அதை அளப்பது சுலபம். அப்படி ஓர் அளவீடு எங்கும் வரவில்லை.

இந்தத் துறையில் எனக்குப் பெரிய மரியாதை உள்ள ஒருவரைச் சொல்லியே ஆக வேண்டும்: மார்ட்டின் டாஜ்மார். ஆஸ்திரியாவில் ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் நிதியோடு, குளிர்ந்த நியோபியம் வளையத்தை வேகம் கூட்டிச் சுழற்றி, பக்கத்தில் வைத்த உணர்கருவியில் எதிர்பாராத சமிக்ஞை தெரிகிறது என்று 2006-ல் அறிவித்தவர் அவரே. ஐன்ஸ்டைன் கணக்கைவிட அது பல மடங்கு பெரிது. நியூசிலாந்தில் மிக நுட்பமான லேசர் வளையக் கருவியோடு தேடியவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. டாஜ்மார் தன் சோதனையைத் தானே பிரித்து மாற்றி மாற்றிச் செய்து, கடைசியில் அந்தச் சமிக்ஞை ஈர்ப்பிலிருந்து வரவில்லை, கருவியின் அதிர்வும் திரவ ஹீலியத்தின் அசைவும் கொடுத்தது என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். பிறகு ஜெர்மனியின் டிரெஸ்டனில், எரிபொருள் இல்லாமல் தள்ளுவதாகச் சொல்லப்பட்ட எம்டிரைவ் என்ற மைக்ரோவேவ் கருவியை எடுத்துக்கொண்டார். நாசாவின் ஒரு குழுவே ஒரு கிலோவாட்டுக்கு 1.2 மில்லிநியூட்டன் உந்துதல் தெரிகிறது என்று 2016-ல் வெளியிட்டிருந்த கருவி அது. டாஜ்மார் குழு கம்பிகளையும் பூமியின் காந்தப்புலத்தையும் சூட்டால் வளையும் தாங்கிகளையும் ஒவ்வொன்றாக விலக்க விலக்க உந்துதல் சுருங்கிக்கொண்டே வந்து, 2021-ல் ஒன்றும் மிச்சமில்லை என்று எழுதினார்கள். ஆசைப்பட்டுத் தேடி, கிடைக்காததை மறைக்காமல் எழுதுவது எல்லோராலும் முடியாது.

கேலி செய்கிறவர்களிடமும் எனக்குக் கோபம் உண்டு. வீடியோ பார்த்துக் கேட்கிற பையனை "இதுகூடத் தெரியாதா" என்று மட்டம் தட்டுகிற ஆசிரியர் சந்தேகத்தைச் சொல்லித் தரவில்லை, வாயை மூடத்தான் சொல்லித் தருகிறார். எதிர் ஈர்ப்பு பற்றிக் கேட்பது முட்டாள்தனமான கேள்வியும் கிடையாது. அதை உலகின் மிகப் பெரிய ஆய்வுக்கூடம் ஒன்று அண்மையில் நேராகவே கேட்டது. சாதாரணப் பொருளுக்கு நேர் எதிரான மின்னேற்றம் கொண்ட எதிர்ப்பொருள் பூமியில் கீழே விழுமா, மேலே போகுமா? கீழே விழும் என்று கோட்பாடு சொன்னது, ஆனால் யாரும் நேரில் விழவிட்டுப் பார்த்ததில்லை. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தின் ஆல்ஃபா குழு, எதிர் ஹைட்ரஜன் அணுக்களை உண்டாக்கி, அவை சுவரில் பட்டு அழிந்துவிடாமல் காந்தப்புலத்தால் செங்குத்துக் குழாய்க்குள் பிடித்து வைத்து, மேல் கீழ்க் கதவுகளான புலங்களை ஒரே நேரத்தில் மெல்லத் தளர்த்தியது. பெரும்பாலான அணுக்கள் கீழ்ப்பக்கமாக வெளியேறின. 2023 செப்டம்பரில் வெளியான முடிவுப்படி அவை விழும் முடுக்கம் சாதாரண ஈர்ப்பில் 0.75 மடங்கு. பிழை வரம்பை வைத்துப் பார்த்தால் அது முழு 1 ஆகவும் இருக்கலாம், ஆனால் மேல்நோக்கிப் போவதற்கு இடமில்லை. முக்கால் மடங்கா, முழு மடங்கா என்பதை நூறில் ஒரு பங்குத் துல்லியத்துக்குக் கொண்டுவரும் முயற்சியில் அந்தக் குழு இருக்கிறது.